சர்வேயர் ஆவது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பத்தாவது முடித்த பிள்ளையை ஐடிஐயில் எந்தப் பிரிவில் சேர்ப்பது என்று யோசிக்கும் பெற்றோர் ஒரு பக்கம். சிவில் டிப்ளமோ முடித்துவிட்டு சைட்டுக்குப் போவதா, டிஎன்பிஎஸ்சிக்குப் படிப்பதா என்று தவிக்கும் பிள்ளைகள் இன்னொரு பக்கம். இரு தரப்பும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கு, தமிழ்நாட்டு நிலவரத்தை வைத்து எழுதிய பதில்கள் இவை.

சர்வேயர் என்றால் யார்? தாலுகா ஆபீஸில் இருப்பவரா, ரோட்டில் முக்காலி போட்டு நிற்பவரா?

இருவரும்தான். ஆனால் செய்யும் வேலை வேறு வேறு. தாலுகா அலுவலக சர்வேயர் ஏற்கெனவே பதிவில் இருக்கும் எல்லையைத் தரையில் தேடுகிறார். எப்போதோ ஒருவர் சங்கிலி பிடித்து அளந்து வரைந்த கோடு இன்றைக்கு எந்த வரப்பில் விழுகிறது என்று கண்டுபிடிப்பதே அவர் வேலை. சைட் சர்வேயர் தாளில் இருக்கும் டிசைனைத் தரைக்குக் கொண்டுவருகிறார். பாலத்தின் தூண் எங்கே வர வேண்டும், ரோடு எந்த மட்டத்தில் முடிய வேண்டும், அஸ்திவாரக் குழி எவ்வளவு ஆழம் என்று குறித்துக் கொடுப்பவர் அவர்தான். இவர்கள் போக, மனை பிரிப்பவர்களுக்கும் நிலம் வாங்குபவர்களுக்கும் அளந்து கொடுக்கும் தனியார் சர்வேயர்கள் இருக்கிறார்கள்.

குவான்டிட்டி சர்வேயர் என்று விளம்பரத்தில் பார்த்தால் குழம்ப வேண்டாம். கட்டடத்துக்கு எவ்வளவு பொருள், எவ்வளவு செலவு என்று கணக்குப் போடும் வேலை அது. பெயரில் மட்டும்தான் ஒற்றுமை.

என்ன படித்திருக்க வேண்டும்?

பத்தாவது தேர்ச்சி பெற்றவர்கள் ஐடிஐயில் சர்வேயர் பிரிவில் சேரலாம், 2 வருடப் படிப்பு. சிவில் படம் வரைவாளர் பிரிவும் 2 வருடம்தான், அதுவும் இதே வேலைகளுக்குப் பயன்படும். பாலிடெக்னிக்கில் சிவில் டிப்ளமோ 3 வருடம். பிளஸ் டூ அல்லது ஐடிஐ முடித்திருந்தால் நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேர முடியும். பட்டப்படிப்பு என்றால் பி.இ. சிவில், அல்லது அண்ணா பல்கலைக்கழகத்தின் கிண்டி பொறியியல் கல்லூரியில் இருக்கும் ஜியோஇன்ஃபர்மேடிக்ஸ், அதாவது நில அளவையும் வரைபடத் தரவும் சேர்ந்த படிப்பு. அந்தக் கல்லூரியே 1794-ல் மைக்கேல் டாப்பிங் என்பவர் சென்னையில் 8 மாணவர்களோடு ஆரம்பித்த சர்வே பள்ளியிலிருந்து வளர்ந்ததுதான். இன்றைக்கு கம்ப்யூட்டர் சயின்ஸ் கேட்டு அங்கே வரிசையில் நிற்பவர்களில் எத்தனை பேருக்கு இது தெரியுமோ!

வேலைக்குச் சேர்ந்த பிறகு மேல்பயிற்சிக்கு ஹைதராபாத் உப்பலில் சர்வே ஆஃப் இந்தியாவின் பயிற்சி நிறுவனம் இருக்கிறது.

ஐடிஐயா, டிப்ளமோவா? ஒரே பதிலாகச் சொல்லுங்கள்.

அரசு நில அளவர் வேலை மட்டும்தான் குறி என்றால் ஐடிஐ சர்வேயர் போதும். எதற்கும் ஒரு கதவு திறந்திருக்கட்டும் என்று நினைத்தால் டிப்ளமோ. என் அபிப்பிராயம் டிப்ளமோ பக்கம்தான், ஆனால் ஒரு குறையோடு. பல பாலிடெக்னிக்குகளில் சர்வே செய்முறை வகுப்பில் பத்துப் பதினைந்து பேருக்கு ஒரு கருவி. முன்னால் நிற்கும் இருவர் பார்ப்பார்கள், மற்றவர்கள் ரெக்கார்டில் காப்பி அடிப்பார்கள். ஐடிஐயில் மைதானத்தில் நிற்கும் நேரம் அதிகம். டிப்ளமோ எடுத்தால் விடுமுறையில் ஏதாவது ஒரு தனியார் சர்வேயரிடம் ஸ்டாஃப் (மட்டம் பார்க்க நிறுத்தும் அளவுகோல்) பிடிக்கப் போய் அந்தக் குறையை ஈடுகட்டிக்கொள்ளுங்கள்.

எனக்குக் கணக்கு வராது. முடியுமா?

பள்ளிக்கூடத்தில் வராத கணக்கு வயலில் வந்துவிடும், கவலை வேண்டாம். தேவைப்படுவது பரப்பளவு, முக்கோணம், சைன், காஸ், அலகு மாற்றம், இவ்வளவுதான். ஆனால் அடிப்படை புரிந்திருக்க வேண்டும். ஓர் உதாரணம் பாருங்கள்.

ஒரு மனை, நாலு பக்கமும் 20 மீட்டர். பரப்பு எவ்வளவு? தரகர் உடனே 20 பெருக்கல் 20, 400 சதுர மீட்டர் என்பார். மூலைகள் நாலும் செங்கோணமாக இருந்தால் மட்டும்தான் அது சரி. குறுக்கே டேப் பிடித்துப் பார்க்கிறீர்கள், ஒரு மூலைவிட்டம் 24 மீட்டர், இன்னொன்று 32 மீட்டர். இப்போது பரப்பு 24 பெருக்கல் 32-ல் பாதி, அதாவது 384 சதுர மீட்டர். பக்கங்களில் ஒரு சென்டிமீட்டர்கூடக் குறையவில்லை, ஆனால் 16 சதுர மீட்டர், ஏறக்குறைய 172 சதுர அடி காணாமல் போய்விட்டது. சதுர அடி 3,000 ரூபாய்க்குப் போகும் இடமென்றால் 5 லட்சம்.

நாலு பக்கத்தை மட்டும் அளந்து பரப்பு சொல்ல முடியாது, குறுக்களவு ஒன்றாவது வேண்டும். இது மண்டையில் ஏறிவிட்டால் பாதி சர்வே படித்த மாதிரி.

டிஎன்பிஎஸ்சி தேர்வு எப்படி இருக்கும்?

2022-ல் நில அளவர், வரைவாளர், நகர ஊரமைப்புத் துறையின் சர்வேயர் கலந்த உதவி வரைவாளர் ஆகிய பதவிகளுக்கு மொத்தம் 1,089 இடங்களை அறிவித்தார்கள். தேர்வு அந்த ஆண்டு நவம்பர் 6-ல் நடந்தது. அப்போது ஐடிஐ சர்வேயர், ஐடிஐ வரைவாளர், சிவில் டிப்ளமோ முடித்தவர்கள் எழுதினார்கள். ராணுவத்தில் சர்வே பிரிவுச் சான்று வைத்திருந்தவர்களுக்கும் இடம் இருந்தது. முதல் தாள் பாடம், ஐடிஐ தரம், 300 மதிப்பெண். இரண்டாம் தாளில் 150 மதிப்பெண் தமிழ்த் தகுதித் தேர்வுக்கு, 150 பொது அறிவுக்கும் திறனறிவுக்கும். நேர்முகத் தேர்வு கிடையாது. நில அளவருக்கு அடிப்படைச் சம்பளம் 19,500 ரூபாயில் தொடங்கியது, படிகள் தனி.

தமிழ்த் தகுதித் தேர்வில் 40 சதவீதம், அதாவது 60 மதிப்பெண் எடுக்காவிட்டால் மற்ற விடைத்தாளைத் திருத்தவே மாட்டார்கள். டோட்டல் ஸ்டேஷனில் (கோணத்தையும் தூரத்தையும் சேர்த்து அளக்கும் மின்னணுக் கருவி) கில்லாடியாக இருக்கும் பையன்கள் இங்கேதான் சறுக்குகிறார்கள். இப்போது இப்படிப்பட்ட பதவிகளை ஒருங்கிணைந்த தொழில்நுட்பப் பணிகள் தேர்வு என்று ஒன்றாகச் சேர்த்து நடத்துகிறார்கள். அந்தந்த வருட அறிவிக்கையை முழுதாகப் படியுங்கள். கோச்சிங் சென்டர் வாட்ஸ்அப்பில் போடும் சுருக்கத்தை நம்பி விண்ணப்பிக்காதீர்கள்.

அரசு வேலையில் சேர்ந்ததும் என்ன செய்வார்கள்?

பயிற்சி. தஞ்சாவூர் மாவட்டம் ஒரத்தநாட்டில் இதற்கென்றே நில அளவைப் பயிற்சி நிலையம் இருக்கிறது. அப்புறம் ஒரு குறுவட்டம் (சில கிராமங்கள் சேர்ந்த வருவாய்ப் பகுதி) கையில் வரும், பிர்கா சர்வேயர் என்று மக்கள் சொல்வது அந்தப் பதவியைத்தான். அளந்து காட்டக் கேட்டு வரும் மனுக்கள், உட்பிரிவு பட்டா மாறுதல், ஆக்கிரமிப்பு, கோர்ட் வேலை, நில எடுப்பு என்று குவிந்து கிடக்கும். பதவி உயர்வில் துணை ஆய்வாளர், ஆய்வாளர், உதவி இயக்குநர் என்று மேலே போகலாம்.

புலப்படத்தைப் பார்த்தால் ஒன்றும் புரியவில்லை. எப்படிப் படிப்பது?

இதைத்தான் முதலில் கற்றுக்கொள்ள வேண்டும். ஐடிஐ புத்தகத்தில் இது போதிய அளவு கிடையாது.

எஃப்எம்பி என்று நாம் சொல்லும் புலப்படத்தில் ஒரு சர்வே எண்ணுக்கு ஒரு படம். வெளியே சுற்றி வரும் கோடு எஃப் லைன், அதுதான் புலத்தின் எல்லை. உள்ளே எல்லைக் கல்லுக்குக் கல் இழுத்த நேர்கோடு ஜி லைன், அளப்பதற்கான அடிக்கோடு. அந்தக் கோட்டை ஒட்டி ஏணிப்படி போல எண்கள் எழுதியிருக்கும். ஜி லைனின் மொத்த நீளம் 312 என்று போட்டிருக்கிறது, நடுவில் 140 என்ற இடத்தில் இடப்பக்கம் 18 என்று இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பழைய படமென்றால் இதெல்லாம் லிங்க்ஸ், அதாவது அளவுச் சங்கிலியின் நூறில் ஒரு பங்கு. முதல் கல்லிலிருந்து 140 லிங்க்ஸ், அதாவது 28.16 மீட்டர் நடந்து, அங்கிருந்து கோட்டுக்குச் செங்குத்தாக இடப்பக்கம் 18 லிங்க்ஸ், 3.62 மீட்டர் போனால் எல்லை வளையும் இடம் கிடைக்கும். அந்தப் பக்கவாட்டு அளவுக்குப் பெயர் ஆப்செட்.

வயலில் இறங்கியதும் டேப்பைப் பிரிக்காதீர்கள், முதலில் கல்லைத் தேடுங்கள். வேலிக்கடியில், கிணற்று மேட்டில், சில வீடுகளில் துணி துவைக்கும் கல்லாகக்கூடக் கிடக்கும். இரண்டு கல் கிடைத்துவிட்டால் இடையில் அளந்து பாருங்கள். 312 லிங்க்ஸ் என்பது 62.76 மீட்டர். சங்கிலி தேய்மானம், தரையின் ஏற்ற இறக்கம் எல்லாம் சேர்ந்து சில சென்டிமீட்டர் முன்னே பின்னே இருந்தால் ஏற்றுக்கொள்ளலாம். 61.90 வந்தால்? ஏதோ ஒரு கல் இடம் மாறியிருக்கிறது, எது என்று இந்த இரண்டை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. மூன்றாவது கல் வேண்டும். அதற்குப் பக்கத்துப் புலத்தின் படத்தையும் எடுத்து, அதன் கற்களிலிருந்து அளந்து வர வேண்டும். அங்கேயும் இல்லையென்றால் மூன்று கிராம எல்லை கூடும் இடத்துக் கல் வரைக்கும் போக வேண்டியிருக்கும். அரை ஏக்கர் அளக்கப் போனவர் அரை கிலோமீட்டர் தள்ளி முள்ளுக்காட்டில் மண்வெட்டியோடு நிற்பது இதனால்தான். ஊர்க்காரர்களுக்கு இது புரியாது, ‘சர்வேயருக்கு இடமே தெரியலை’ என்பார்கள். கண்டுகொள்ளாதீர்கள்.

கருவியை யாரும் கற்றுக்கொள்ளலாம். எந்தக் கல்லை நம்புவது, எதைத் தள்ளுவது என்று முடிவெடுப்பவர்தான் சர்வேயர்.

லிங்க்ஸ், சென்ட், ஏர்ஸ், கிரவுண்ட்… இதையெல்லாம் மனப்பாடம் செய்ய வேண்டுமா?

ஆமாம். ஒரு செயின் 66 அடி, 100 லிங்க்ஸ். ஒரு லிங்க் 20.1168 சென்டிமீட்டர். 10 சதுரச் செயின் ஒரு ஏக்கர். ஒரு சென்ட் 435.6 சதுர அடி, 40.47 சதுர மீட்டர். ஒரு ஏர்ஸ் 100 சதுர மீட்டர், 2.47 சென்ட். ஒரு கிரவுண்ட் 2,400 சதுர அடி. குழி, மா என்று பேசும் ஊர்களில் அந்த ஊர்க் கணக்கைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள், ஊருக்கு ஊர் மாறும்.

‘பத்திரத்தில் 50 சென்ட் இருக்கு, பட்டாவில் 49 சொச்சம்தான் வருது, யார் திருடினார்கள்?’ என்று கேட்டால் என்ன சொல்வது?

பல நேரங்களில் யாரும் திருடவில்லை. 1979-ல் தொடங்கி 80-களில் நடந்த, நிலப் பதிவேடுகளைப் புதுப்பிக்கும் யுடிஆர் திட்டத்தில் கிராமக் கணக்குகளை ஹெக்டேர், ஏர்ஸுக்கு மாற்றினார்கள். கிராமப் பட்டாக்களை எடுத்துப் பாருங்கள், ஏர்ஸ் பெரும்பாலும் .00 அல்லது .50 என்றுதான் முடியும், அரை ஏர்ஸுக்கு முழுமையாக்கிய எண்கள் அவை. 50 சென்ட் என்பது 20.23 ஏர்ஸ். அது 20.00 ஆக எழுதப்பட்டால், திரும்ப சென்டுக்கு மாற்றும்போது 49.42 வரும். இதைக் காகிதத்தில் போட்டுக் காட்டினால் பல சண்டைகள் அங்கேயே அடங்கிவிடும்.

வித்தியாசம் இதைவிடப் பெரிதாக இருந்தால் பெயர், பரப்பு, உட்பிரிவு எதிலாவது யுடிஆர் காலத்துத் தவறு இருக்கலாம். அதைத் திருத்தும் அதிகாரம் சர்வேயருக்குக் கிடையாது, மாவட்ட வருவாய் அலுவலருக்கு மனுப் போடச் சொல்லுங்கள். அதேபோல் நிலம் யாருக்குச் சொந்தம் என்றும் நாம் சொல்லக் கூடாது. 1923-ம் ஆண்டு நில அளவை மற்றும் எல்லைகள் சட்டம் தரும் அதிகாரம் எல்லையோடு நின்றுவிடுகிறது. உரிமையை சிவில் கோர்ட்தான் முடிவு செய்யும். ‘அனுபவத்தில் என்கிட்டதான் இருக்கு’ என்று ஒருவர் சொன்னால் குறித்துக்கொள்ளுங்கள், தலையாட்டிவிடாதீர்கள்.

தனியார் சர்வேயராகத் தொழில் செய்ய லைசென்ஸ் வேண்டுமா? நான் அளந்து கொடுத்தால் செல்லுமா?

வீடு கட்டுபவருக்கு மட்டம் பார்ப்பது, மனைப்பிரிவுக்குப் படம் போடுவது, வாங்கப்போகும் இடத்தை அளந்து காட்டுவது போன்றவற்றுக்கு இந்தியா முழுமைக்குமான சர்வேயர் லைசென்ஸ் என்று எதுவும் இல்லை. 2021 பிப்ரவரியில் மத்திய அரசு புவியிடத் தரவு விதிகளைத் தளர்த்திய பிறகு, இந்தியர்கள் வரைபட வேலை செய்ய முன் அனுமதி வாங்கும் தொல்லையும் பெருமளவு போய்விட்டது.

ஆனால் உங்கள் படத்தை வைத்துப் பட்டாவையோ புலப்படத்தையோ மாற்ற முடியாது, அதற்குத் துறை அளக்க வேண்டும். தமிழ்நாட்டில் உரிமம் பெற்ற நில அளவர் என்று ஒரு ஏற்பாடு உண்டு. துறையே பயிற்சி கொடுத்து, உரிமம் தந்து, உட்பிரிவு வேலைகளுக்குப் பயன்படுத்திக்கொள்ளும். மாதச் சம்பளம் இல்லை, செய்த வேலைக்குப் பணம். அப்புறம், சிவில் வழக்குகளில் கோர்ட் நியமிக்கும் வழக்கறிஞர் ஆணையருக்கு உதவியாக அளக்கும் வாய்ப்பும் வரும். அங்கே உங்கள் ஃபீல்டு புக்கில் ஓர் அடித்தல் திருத்தல் இருந்தாலும் குறுக்கு விசாரணையில் அதைப் பிடித்துக்கொள்வார்கள்.

டோட்டல் ஸ்டேஷன் கற்க எவ்வளவு நாள் ஆகும்? சொந்தமாக வாங்கலாமா?

பட்டன்களைக் கற்க ஒரு வாரம். தவறைக் கண்டுபிடிக்கக் கற்க ஓரிரு வருடம். முக்காலியை நட்டு, புள்ளிக்கு நேராக நிறுத்தி, மட்டம் செய்து, இடம் தெரிந்த ஒரு புள்ளியை நோக்கி பேக்சைட் பார்த்து, தெரிந்த இன்னொரு புள்ளியையும் சோதித்துவிட்டுத்தான் வேலையைத் தொடங்க வேண்டும். அந்தக் கடைசிச் சோதனைக்கு 2 நிமிடம்தான் ஆகும். வெயிலில் அதை விட்டுவிட்டு, அன்றைய முழு வேலையையும் மறுநாள் திரும்பச் செய்பவர்கள் ஏராளம். லைக்கா, டாப்கான், சொக்கியா, எதில் பழகினாலும் மற்றதற்கு மாறுவது எளிது.

எடுத்தவுடன் வாங்காதீர்கள். விலை லட்சங்களில், வாடகைக்கு எல்லா நகரத்திலும் கிடைக்கிறது. வாடகைக்கு எடுக்கும்போது கேலிப்ரேஷன் (கருவி சரியாக அளக்கிறதா என்ற சோதனை) சான்றின் தேதியைப் பாருங்கள். முதல் சொந்தக் கருவியாக மட்டம் பார்க்கும் ஆட்டோ லெவல் நல்லது, விலையும் குறைவு, வீடு கட்டும் வேலைகளில் தினமும் தேவைப்படும். கம்ப்யூட்டரில் படம் வரையும் ஆட்டோகேட் கட்டாயம் தெரிந்திருக்க வேண்டும்.

போன் ஆப்பில் அளந்தால் போதாதா?

போன் ஜிபிஎஸ் சில மீட்டர்கள் தவறும். 60-க்கு 40 மனையின் அகலமே 12 மீட்டர்தான். இடம் எங்கே இருக்கிறது என்று பார்க்க ஆப் நல்லது, எல்லைக்கு வேண்டாம்.

ட்ரோன் வந்துவிட்டது, ஆர்டிகே வந்துவிட்டது. இந்த வேலை இன்னும் எத்தனை நாளுக்கு?

1802 ஏப்ரலில் வில்லியம் லாம்டன் பரங்கிமலைப் பக்கம் அடிக்கோடு அளந்து இந்தியாவின் பெரிய முக்கோண அளவையைத் தொடங்கியபோது அவரிடம் இருந்த தியோடலைட் என்ற கோணம் அளக்கும் கருவி கிட்டத்தட்ட அரை டன். 1808-ல் தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் மேல் அதை ஏற்றும்போது கயிறு அறுந்து, கருவி சுவரில் மோதிச் சிதைந்தது. அவரே உட்கார்ந்து அதைச் சரிசெய்தார். அதற்குப் பிறகு எத்தனையோ கருவிகள் வந்து போய்விட்டன. இப்போது செயற்கைக்கோள் சிக்னலை வைத்து அளக்கும் ஆர்டிகே கருவி ஒன்றிரண்டு சென்டிமீட்டர் துல்லியத்தில் நொடிகளில் புள்ளி எடுத்துவிடுகிறது. ஆட்கள் குறைவாகப் போதும் என்பது உண்மைதான். சங்கிலி பிடிக்க நாலு பேர் போன காலம் மலையேறிவிட்டது.

ஆனால் ட்ரோனுக்குத் தெரிவது சுவரும் வரப்பும்தான். சுவர் சரியான இடத்தில் கட்டப்பட்டதா என்று அதற்குத் தெரியாது. நகர்ப்புற நிலங்களை வானிலிருந்து படமெடுத்து ஆவணமாக்கும் நக்ஷா திட்டம் 2025 பிப்ரவரியில் 152 நகரங்களில் தொடங்கியது. அதிலும் படமெடுத்த பிறகு ஆள் வீடு வீடாகப் போய் ஆவணத்தோடு ஒப்பிட்டுத்தான் ஆக வேண்டும். வெறும் கருவி ஓட்டுபவர்களுக்கு ஆபத்து உண்டு, பழைய பதிவைப் படிக்கத் தெரிந்தவர்களுக்கு வேலை கூடத்தான் போகிறது.

வளைகுடாவில் வேலை கிடைக்குமா?

கிடைக்கும், சைட் சர்வேயர்களுக்கு. ரோடு, பைப்லைன், உயர்ந்த கட்டடங்களில் செட்டிங் அவுட், அதாவது டிசைனைத் தரையில் குறிக்கும் வேலைதான் அதிகம். இங்கே 3, 4 வருடம் பெரிய சைட்டில் இருந்துவிட்டுப் போனால் மரியாதையும் சம்பளமும் வேறு. புலப்பட அனுபவம் அங்கே எடுபடாது. வெளிநாட்டுக்கு அனுப்பும் ஏஜென்ட் மத்திய அரசிடம் பதிவு செய்தவரா என்று இ-மைக்ரேட் தளத்தில் பார்க்காமல் ஒரு ரூபாய் கொடுக்காதீர்கள்.

இலங்கையிலும் இதே முறைதானா?

இல்லை. அங்கே 2002-ம் ஆண்டின் 17-ம் இலக்க நில அளவைச் சட்டம் இருக்கிறது. பதிவும் உரிமமும் பெற்ற நில அளவையாளர் வரைந்த காணிப் படத்துக்கு உறுதிகளிலும் (நம் ஊர்ப் பத்திரம்) வழக்குகளிலும் நல்ல மதிப்பு உண்டு. சபரகமுவ பல்கலைக்கழகத்தில் இதற்கான பட்டப்படிப்பு இருக்கிறது, தியத்தலாவையில் நில அளவைத் திணைக்களத்தின் பயிற்சி நிறுவனம் இயங்குகிறது. தனியாகத் தொழில் செய்பவருக்கு நம்மைவிட அங்கே அந்தஸ்து தெளிவு.

பெண்கள் இந்த வேலைக்கு வரலாமா?

தாராளமாக. அரசுப் பணியில் 30 சதவீத ஒதுக்கீடும் இருக்கிறது. சைட்டில் கழிப்பறை வசதி பற்றிச் சேரும்போதே கேட்டுவிடுங்கள், கூச்சப்பட ஒன்றுமில்லை.

மாமூல் வாங்காமல் இந்த வேலையில் இருக்க முடியுமா?

முடியும், இருக்கிறார்கள். லஞ்ச ஒழிப்புத் துறை சர்வேயரைப் பிடித்த செய்தி பத்திரிகையில் அடிக்கடி வருவதால் எல்லாரையும் ஒரே மாதிரி பார்க்கிறார்கள், அந்தப் பார்வையைத் தாங்கிக்கொண்டுதான் வேலை செய்ய வேண்டும். அளக்கும் கட்டணத்தை மனுதாரர் அரசுக்குக் கட்டிவிடுகிறார், உங்கள் கையில் தர வேண்டியது எதுவும் இல்லை. பணத்தைவிடப் பெரிய தொல்லை, ‘கல்லைக் கொஞ்சம் தள்ளிப் போடுங்க தம்பி’ என்று ஊர்ப் பெரிய மனிதர் தோளில் கை போடுவது.

பாதுகாப்புக்கு எழுத்துதான் வழி. பக்கத்துப் பட்டாதாரர்களுக்கு முன்கூட்டியே அறிவிப்புக் கொடுத்து, அதன் நகலை வைத்துக்கொள்ளுங்கள். அளவுகளை அங்கேயே மையால் எழுதுங்கள், வீட்டுக்குப் போய் எழுதிக்கொள்ளலாம் என்று விடாதீர்கள். கிராம நிர்வாக அலுவலர், மனுதாரர், பக்கத்துக் காட்டுக்காரர் கையெழுத்து வாங்குங்கள். ஒருவர் போட மறுத்தால் மறுத்தார் என்று எழுதுங்கள். கைகலப்பு ஆகும் போலத் தெரிந்தால் கருவியை மடக்கிக்கொண்டு கிளம்பிவிடுங்கள். போலீஸ் பாதுகாப்போடு இன்னொரு நாள் வரலாம்.

சரி, படிப்பு முடியக் காத்திருக்காமல் இன்றே ஏதாவது தொடங்க முடியுமா?

உங்கள் குடும்பத்துக்கோ உறவுக்காரருக்கோ இருக்கும் ஒரு வயலின் சர்வே எண்ணைக் கேளுங்கள். தமிழ்நாடு அரசின் இ-சேவைத் தளத்தில் கிராமப் புலங்களின் படத்தைப் பார்க்கலாம், அச்சிட்டுக்கொள்ளுங்கள். 30 மீட்டர் டேப் ஒன்று, துணைக்கு ஒரு ஆள், அவ்வளவு போதும். படத்தில் இருக்கும் ஒரு கல்லையாவது தரையில் கண்டுபிடியுங்கள், அப்புறம் அடுத்ததைத் தேடி இடைத்தூரத்தைப் படத்தோடு ஒப்பிடுங்கள். அடுத்த கல் பக்கத்துக் காட்டுக்குள் இருந்தால் அவரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு இறங்குங்கள். டேப்போடு ஆள் நிற்பதைப் பார்த்தாலே சிலருக்குக் கோபம் வந்துவிடும்.